குண்டு நிபுணர்களுக்குச் சோறாக்கிய கதை

சமையல்காரிக்கு வருகிறவர் யார் என்பது பெரிதில்லை, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் பெரிது. அடுப்படியில் நின்று நின்று கால் வீங்கிப்போன உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பத்துப் பேர் என்று சொல்லிப் பதினாறு பேர் வந்து இறங்குவார்கள். மரக்கறி சாப்பிடுகிறவர் ஒருவர்தான் என்பார்கள். மீன்குழம்பை மேசையில் வைத்த பிறகு நாலு பேர் கை தூக்குவார்கள். அரிசி காணுமா, தேங்காய் காணுமா, கேஸ் நடுவில் தீர்ந்துவிடுமா என்று நினைத்து நினைத்தே எனக்குப் பிரஷர் வந்தது. மருந்துச்சாலை டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். யோசனையைக் குறைக்க அவரிடம் மருந்து இல்லை.

நான் வேலை செய்வது கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய தொரை பங்களாவில். இப்போது அதைப் பயிற்சி வகுப்புகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆசிரியர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், பாங்க்காரர்கள் வந்திருக்கிறார்கள், தேனீ வளர்க்கப் படிக்கிறவர்கள்கூட வந்திருக்கிறார்கள். கடைசியாக வந்தது பயங்கரவாதத் தடுப்புப் பயிற்சி. வெளிநாட்டு நிபுணர்கள் இரண்டு பேர், அவர்களோடு ஒரு நாய், மலைநாட்டுப் பொலிஸ் நிலையங்களிலிருந்து பதினெட்டுப் பேர். மூன்று வாரம். ஏழாம் வகுப்போடு நின்றவளை அந்த வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பாடத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்விக்கு ஒரு பொய்

பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் பங்களாவில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும். அதனால் பியதாச எனக்காக வாசித்தார். அவர் இருபது வருஷமாக அதே பங்களாவில் மேசை பார்த்துப் பரிமாறுகிறவர். வரிசை வீட்டு லயத்தில் இருக்கிற எங்கள் ஆட்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் முடிந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் குடும்பத்தில் யாராவது எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்களா?

என் தம்பி அந்தோணி பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு வேலைக்குப் போனான். சண்டை நடந்த காலம். ஒரு நாள் விடிய பொலிஸார் அவன் தங்கியிருந்த அறையைச் சுற்றி வளைத்து, அங்கே இருந்த தமிழ்ப் பையன்கள் எல்லோரையும் கொண்டுபோனார்கள். பத்து மாதம் வைத்திருந்தார்கள். பிறகு வழக்கு ஒன்றும் இல்லை, போ என்றார்கள். அப்போது நான் ஹட்டனில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். தம்பியைப் பார்க்க இரண்டு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். அடுத்த நாள் அந்த வீட்டம்மா என் துணிப்பையைக் கேட்டுக்கு வெளியே வைத்திருந்தார். உண்மை சொன்னால் வேலை போகும் என்று நான் படித்தது அன்றைக்குத்தான்.

அதனால் "இல்லைன்னு போடுங்க அய்யே" என்றேன், சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. பியதாசவுக்கு அந்தோணியைத் தெரியும். பூண்டுலோயாவில் அவன் ஓட்டுகிற திரீவீலரில் ஏறியும் இருக்கிறார். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சமையல்ல உப்புக் கூடினா நான் மேசையில சமாளிப்பேன் ஸ்டெல்லா. இத நீயே போடு."

நானே போட்டேன். அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் என் கையிலிருக்கிற கரண்டி விழும்.

சுவரிலே ஒரு ஜன்னல்

சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் கறிச்சட்டி நீட்டுகிற ஒரு சின்ன ஜன்னல் உண்டு. வகுப்பு அந்த மண்டபத்தில்தான் நடந்தது. நிபுணரில் ஒருவர் நெட்டை மனிதர். அவருடைய பெயரை நான் சொன்னால் அவருக்கே விளங்காது, அதனால் நாங்கள் நெட்டைத் தொரை என்றோம். விசாரணை செய்வது எப்படி என்பது அவருடைய பாடம். அவர் பேசப் பேச, பயிற்சிக்குப் பொறுப்பான குமாரி மேடம் சிங்களத்தில் சொல்வார். மேடம் பொலிஸில் பெரிய பதவி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் நெட்டைத் தொரை சொன்னதைக் கேட்டு நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அடித்து வாங்குகிற வார்த்தையை வைத்து ஒரு குண்டைக்கூடப் பிடிக்க முடியாது, அடிபட்டவன் நாம் என்ன கேட்க ஆசைப்படுகிறோமோ அதைத்தான் சொல்வான் என்றார். பயிற்சிக்கு வந்தவர்களில் வயதான சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். முடி நரைத்தவர், ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. அவர் எழுந்து, "தொரை, அடிக்காம கேட்டா எவன் பேசுவான்?" என்றார். நெட்டைத் தொரை யோசித்துவிட்டு, "உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். தேத்தண்ணி கொடுப்போம் என்றார் சார்ஜன்ட்.

"அப்ப அதுலயிருந்து தொடங்குவோம்" என்று மேடம் மொழிபெயர்த்தார். பக்கத்தில் தட்டுத் துடைத்துக்கொண்டு நின்ற பியதாச என் காதருகில் சொன்னார்: "மூணு வாரத்துக்குத் தேயிலத்தூள் பத்தாது, இன்னைக்கே எழுதிக் குடு."

உருளைக்கிழங்குக்கு முன்னால் உட்கார்ந்த நாய்

நாயின் பெயர் மோலி. அதைக் கூட்டிவந்தவர் இரண்டாவது நிபுணர், அன்னா மிஸ். குள்ளமான, சிவந்த முகமுள்ள பெண். எங்கள் மழையில் தொப்பிகூடப் போடாமல் திரிவார். வெடிமருந்து வாசனை பட்டால் மோலி குரைக்காது. அந்த இடத்தில் அசையாமல் உட்காரும். அதற்கு ஒரு ரப்பர் பந்து பரிசு.

ஒரு நாள் காலையில் சாப்பாட்டு மண்டபத்து அலுமாரியில் ஒரு பொட்டலத்தை ஒளித்து வைத்து, அதைக் கண்டுபிடிக்க மோலியை விட்டார்கள். மோலி அலுமாரியைக் கடந்து நேரே என் சமையலறைக்குள் வந்தது. சுற்றி ஒரு தரம் மோந்தது. மூலையில் இருந்த உருளைக்கிழங்குச் சாக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னால் பதினெட்டுப் பொலிஸ். எல்லோரும் நாயைப் பார்த்தார்கள், பிறகு சாக்கைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். படிவத்தில் போட்ட பொய் வாசனை அடிக்குமா என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன், சிரிக்காதீர்கள்.

குமாரி மேடம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். அன்னா மிஸ் மட்டும் முழங்காலில் நின்று கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில் மண்தான் இருந்தது. பிறகு சாக்கைத் திருப்பினார். அது உரச்சாக்கு. தோட்டத்தில் உரம் போட்டு முடிந்தால் வெறுஞ்சாக்கை நாங்கள் ஆற்றில் அலசிக் காயவைத்துக் கொண்டுவருவோம். கிழங்கு போட அதுதான், தரையில் விரிக்க அதுதான், மழைக்கு ஜன்னலில் கட்ட அதுதான். உரத்தில் இருக்கிற ஏதோ ஒரு சரக்கு குண்டிலும் இருக்குமாம், அதனால் அதுவும் மோலியின் பாடத்தில் இருக்கிறதாம். நான் மேடத்திடம் சொன்னேன், "எங்க தோட்டத்துல இந்தச் சாக்கு இல்லாத வீடே இல்லீங்க மேடம்." அதை அன்னா மிஸ்ஸுக்குச் சொன்னார்கள். அவர் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை வீடு?"

மடுவத்தில் மோலி

அவர் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேடமும் வந்தார். நாற்பது பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். ஈரம் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றி எல்லோரும் படங்கு கட்டியிருந்தார்கள். பாதிப் பேருடைய படங்கு பழைய உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தது.

மோலி முதல் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தது. பந்து கிடைக்கவில்லை. எழுந்து அடுத்தவளிடம் போனது. அங்கேயும் உட்கார்ந்தது. ஐந்தாவது ஆளுக்கு வரும்போது அன்னா மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தது. எங்கள் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாடி ராசாத்தி, காலையிலயிருந்து நிக்கிறோம், எங்களுக்குப் பதிலா நீயாவது உக்காரு" என்றாள் ஒருத்தி. "கணக்கப்பிள்ள ஐயாவையும் ஒருக்கா மோந்து பாக்கச் சொல்லுங்க மிஸ்" என்றாள் இன்னொருத்தி. தராசுக்குப் பின்னால் நின்ற கணக்கப்பிள்ளை காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

அன்னா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொப்பியில் நிறைய எழுதினார். ஆறு பழைய சாக்கு வேண்டும் என்று என்னிடம் கேட்டார். வெவ்வேறு வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு மூடினார். பழைய சாக்குக்கு உட்காராமல் இருக்க மோலிக்குப் பழக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இந்த மலையில் ஒரு பொலிஸ் நாய் பத்துத் தரம் வீணாக உட்காரும், பதினோராவது தரம் உண்மையாக உட்காரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். அவருடைய நாட்டில் இப்படி ஒரு தோட்டம் இல்லாததால் அவருடைய புத்தகத்திலும் இது இல்லையாம். மேடம் எனக்கு மொழிபெயர்த்த அவருடைய வார்த்தையை அப்படியே சொல்கிறேன்: "நாங்கள் கற்றுக்கொடுக்கத்தான் வந்தோம், ஆனால் இந்தப் பக்கத்தை எழுதினது உங்கள் சமையல்காரி."

அன்றைக்கு மதியச் சோறு அரை மணி பிந்தியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இல்லாத பையனுக்குச் சோறு

இரண்டாவது வாரம் குமாரி மேடம் என்னைக் கூப்பிட்டு நடிக்கச் சொன்னார். பொலிஸ்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும், அதனால் தெரியாத ஆள் வேண்டுமாம். ஒரு கடதாசித் துண்டில் இருந்ததை வாசித்துக் காட்டினார். நான் லயத்தில் இருக்கிறேன். வீட்டில் நானும் புருஷனும் மகளும், மூன்று பேர். தேடப்படுகிற ஒரு பையன், என் அண்ணன் மகன், என் வீட்டில் ஒளிந்திருக்கிறான். அதை நான் சொல்லக் கூடாது. நாலாவது ஆள் இருக்கிறானா இல்லையா என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் வந்தவர் மேசையில் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பியைத் தேடிப் போன காலத்தில் எத்தனை மேசைக்கு முன்னால் அப்படிக் குனிந்திருக்கிறேன், எனக்கு அது பழக்கம். இரண்டாவது ஆள் கடதாசியைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நான் இல்லை, தெரியாது, இல்லை என்றேன். மூன்றாவது அந்தச் சார்ஜன்ட். அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். பாவமாக இருந்தது. ஆனாலும் நான் சொல்லவில்லை.

நாலாவதாக வந்தவள் தர்ஷினி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கான்ஸ்டபிள். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த கேத்தலிலிருந்து ஒரு கோப்பை சாயத்தண்ணி ஊற்றினாள். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி போட்டாள். லயத்தில் பால் இல்லாத வெறுஞ்சாயத்தை நாங்கள் அப்படித்தான் குடிப்போம், சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு. அந்த மண்டபத்து மேசையில் யாரும் அப்படிக் கொடுத்ததில்லை.

"கால் வீங்கியிருக்கேக்கா. எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?"

"நாலு மணிக்கு."

"மலையில வேல முடிஞ்சு வந்துதான் சமைக்கிறதா?"

"வேற யாரு சமைப்பா? அவரு அடுப்புப் பக்கமே வர மாட்டாரு."

"எங்கப்பாவும் அப்படித்தான்" என்று சிரித்தாள். "இன்னைக்கு எத்தன சுண்டு போட்டீங்க?"

"மூணு சுண்டு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. மூன்று பேருக்கு இரண்டு சுண்டு அரிசி தாராளம். என் மனசு அந்த ஒளிந்திருக்கிற பையனுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டது. கடதாசியில் இருக்கிற பையனாக இருந்தால் என்ன, பசியோடு விட முடியுமா? தர்ஷினி நிமிர்ந்து நெட்டைத் தொரையைப் பார்த்து நாலு விரல் காட்டினாள். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

நெட்டைத் தொரை என்னிடம் வந்து, மற்ற மூன்று பேருக்கும் சொல்லாததை இவளுக்கு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். நான் நடிப்பு முடிந்துவிட்டது என்பதை மறந்துவிட்டேன். வாயில் சீனியும் சாயமும். "என் தம்பியப் புடிச்சு வச்சிருந்த பத்து மாசமும் யாரும் என்கிட்ட இப்படிக் கேக்கலீங்க" என்றேன். "கேட்டிருந்தா அவன் எந்தக் கடையில வேல செஞ்சான், எத்தன மணிக்கு வருவான், ராத்திரி யார் கூடச் சாப்புட்டான், எல்லாம் சொல்லியிருப்பேன். அரை மணியில அவன் யாருன்னு தெரிஞ்சிருக்கும்."

மேடம் அதை மொழிபெயர்க்கவில்லை. தர்ஷினி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இது துண்டுல இருந்ததா?"

இரண்டு கடதாசி

அடுத்த நாள் காலையில் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நான் போவதற்கு முன்னாலேயே என் கத்தியையும் ஏப்ரனையும் பையில் வைத்துவிட்டேன். இந்தத் தடவை பையைக் கேட்டுக்கு வெளியே வைக்கிற வேலையை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

மேசையில் என் படிவம் இருந்தது. "நான்தான் போட்டேன் மேடம், பியதாச அய்யாவுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றேன். ஏன் என்று கேட்டார். ஹட்டன் வீட்டுக் கதையைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். ஈஸ்டர் ஞாயிறு கோயில்களில் குண்டு வெடித்த அன்று நாங்களும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் பாடிக்கொண்டிருந்தோம். செய்தி வந்ததும் சுவாமியார் பூசையை நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மாதிரிக் குண்டு இனி வெடிக்கக் கூடாது என்று உங்களுக்கு இருக்கிற அக்கறை எனக்கும் இருக்கிறது, அதே நேரம் என் தம்பியை மாதிரி ஒருவனை வீணாகப் பிடித்து வைக்கவும் கூடாது, இந்த இரண்டையும் ஒரே வாயால் சொன்னால் யார் நம்புவார்கள் மேடம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினார். கொழும்புக்கு அறிவிக்க வேண்டும், பதில் வரும்வரை நான் பங்களாவுக்குள் வரக் கூடாது என்றார். பிறகு இன்னொரு வெள்ளைக் கடதாசியையும் கொடுத்து, பேனாவைத் திறந்து நீட்டினார். "பொய் எழுதினது உன்னுடைய பிழை, தம்பியைப் பிடித்தது உன்னுடைய பிழை இல்லை, இரண்டையும் ஒரே கடதாசியில் எழுதாதே."

வாசலில் உட்கார்ந்தது யார்

இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் லயத்தில் இருந்தேன். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பியதாச வந்து சமையலறைச் செய்தி சொல்லிவிட்டுப் போவார். அவர்தான் சமைத்தாராம். முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் சோறு வேகவில்லை, மூன்றாம் நாள் பாண் ரொட்டியும் சம்பலும் கடையில் வாங்கினார்கள். எனக்குக் கவலை கூடியதா குறைந்ததா என்று சொல்ல மாட்டேன், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் காலையில் வாசலில் ஒரு நிழல். மோலி. பின்னால் அன்னா மிஸ்ஸும், நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி நெட்டைத் தொரையும், தர்ஷினியும். என் வாசலில் கால் துடைக்க உரச்சாக்குதான் போட்டிருக்கிறேன். மோலி சாக்கை மோந்தது. உட்காரப் பார்த்தது. பிறகு நினைவு வந்த மாதிரி தாண்டி உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அன்னா மிஸ் பந்தை எடுத்துக் கொடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நாய் பாஸ் பண்ணினதற்கு அழுகிற ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டது, நான் வேலைக்கு வரலாம் என்றாள் தர்ஷினி. நான் உடனே எழுந்து ஏப்ரனைத் தேடினேன். நெட்டைத் தொரை கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவருக்கு இன்னொன்றும் வேண்டுமாம். மேடமும் சம்மதித்துவிட்டாராம். தர்ஷினி அதைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்க தம்பி வந்து எங்க கிளாசுல பேசுவாராக்கா? அவரு வரலன்னா அதுக்காக உங்க வேல போகாது, அத மொதல்ல சொல்லச் சொன்னாரு."

தம்பிக்கு ஒரு கதிரை

அந்தோணி இத்தனை வருஷமாகக் காக்கிச் சட்டையைக் கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவன். திரீவீலரில் பொலிஸ்காரர் ஏறினால் மீற்றரைக்கூடப் பார்க்க மாட்டான். நான் போனில் விஷயத்தைச் சொன்னேன். "நான் நின்னுக்கிட்டுப் பேச மாட்டேன்" என்றான். "அங்க பத்து மாசம் நின்னுட்டேன். அவங்க உக்காந்திருந்தா எனக்கும் ஒரு கதிர போடணும்."

பியதாசவின் காதில் அதைப் போட்டேன். கடைசி வாரம் அந்தோணி வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கியபோது, மண்டபத்தில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கதிரை, அவனுக்கு மட்டும் பழைய தொரைமார் உட்கார்ந்த கைபிடி வைத்த பெரிய கதிரை. மேல்மாடியிலிருந்து பியதாச தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து மெழுகு போட்டுத் துடைத்திருந்தார்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தம்பி ஒரு மணி நேரம் பேசினான். என்னிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான். மூன்றாவது நாள் அடியில், கேட்ட பெயருக்கெல்லாம் ஆமாம் என்றானாம். அதில் ஒரு பெயர் கடைக்குப் பக்கத்தில் வடை விற்றவருடையது. அவரையும் கொண்டுவந்து வைத்தார்களாம். "உங்களுக்குப் பயங்கரவாதி கெடைக்கல, வட விக்கிறவருதான் கெடைச்சாரு" என்றான். அவன் குரல் உடையவில்லை. நான்தான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டுப் பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி சொல்ல, பொலிஸ் எழுதுகிறது, அதுவும் அவனை அடிக்காமல். அந்தக் காட்சியைப் பார்க்க எங்கள் அம்மா இல்லையே என்று இருந்தது.

பேசி முடிந்ததும் அந்த நரைத்த சார்ஜன்ட் எழுந்தார். கையைப் பின்னால் கட்டவில்லை. சிங்களத்தில்தான் சொன்னார், தம்பிக்குச் சொல்கிற 'மல்லி'யை மட்டும் அப்படியே வைத்துத் தர்ஷினி தமிழில் சொன்னாள்: "மல்லி, அந்த ஸ்டேஷன்ல நான் இருக்கல. இருந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன். இனி என் ஸ்டேஷன்ல யாரும் அடிக்க விட மாட்டேன், எனக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு, அந்த ரெண்டு வருஷத்துக்கு என்னால சொல்ல முடியும்."

அந்தோணி மன்னித்தேன் என்று சொல்லவில்லை, கை கொடுக்கவும் இல்லை. கதிரையை விட்டு எழுந்து நேரே சமையலறைக்கு வந்தான். பானை மூடியைத் திறந்து பார்த்தான். "யக்கா, இருபது பேருக்கு ஆக்குன மாதிரி இல்லையே, கூட இருக்கு. எனக்கும் சேத்தா போட்ட?"

நாட்டுக்கு நாடு கைகோத்துப் பயங்கரவாதத்தைத் தடுக்கிற அந்தப் பெரிய வேலையில் என் பங்கு என்று பார்த்தால் ஆறு பழைய உரச்சாக்கு, கூடுதலாக ஒரு சுண்டு அரிசி, ஒரு தம்பி, இவ்வளவுதான், ஆனால் இந்த மூன்றையும் வேறு எந்த நாட்டு நிபுணராலும் கொண்டுவந்திருக்க முடியாது.